கடை உங்கள் கணக்கை மூடிவிட்டால் வாங்கிய சாதனம் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் ஆன்லைன் கடையில் பல ஆண்டுகளாகப் பொருள் வாங்குகிறீர்கள். அதே கடை தயாரித்த ஸ்மார்ட் ஸ்பீக்கர், மின்னூல் வாசிக்கும் கருவி, டிவி ஸ்டிக், கேமரா எல்லாம் வீட்டில் இருக்கின்றன. எல்லாம் ஒரே கணக்கில். ஒரு நாள் அந்தக் கணக்கை மூடிவிட்டதாக மெயில் வருகிறது. அப்போது எழும் கேள்விகளும் பதில்களும் இவை.

காசு கொடுத்து வாங்கிய பொருள்தானே? கணக்கை மூடினால் அது ஏன் நிற்க வேண்டும்?

பெட்டியைப் பிரித்து முதல்முறை இயக்கும்போது, கணக்கில் உள்நுழையச் சொல்லிக் கேட்கும் இல்லையா, விஷயம் அங்கேதான் இருக்கிறது. அப்போது சாதனத்தின் வரிசை எண் உங்கள் கணக்கோடு சேர்ந்து பதிவாகிறது. பதிலுக்கு சர்வர், அதாவது இணையத்தின் மறுமுனையில் உள்ள நிறுவனத்தின் கணினி, ஒரு டிஜிட்டல் சாவியைச் சாதனத்துக்குள் வைக்கிறது. அதன்பின் சர்வரிடம் எதைக் கேட்டாலும் சாதனம் அந்தச் சாவியைக் காட்டியாக வேண்டும். கணக்கு மூடப்பட்டால் சாவி செல்லாது. வீட்டுக்கு யாரும் வரவில்லை, எதையும் உடைக்கவில்லை. ஆனாலும் சர்வரை நம்பியிருக்கும் சாதனம் வேலை செய்யாது.

பில்லில் இருப்பது பிளாஸ்டிக்கும் சிப்பும். அவை உங்களுடையவை, சந்தேகமே இல்லை. உள்ளே ஓடும் மென்பொருள் உரிமத்தின் பேரில் தரப்பட்டது. சர்வர் சேவையோ அவர்கள் தரும்வரைதான். மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரே விலைக்கு விற்பதால், மூன்றும் நம் கைக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

எந்தச் சாதனத்துக்கு அடி அதிகம்?

ஸ்மார்ட் ஸ்பீக்கருக்குத்தான். அதைக் கூப்பிடும் பெயரை மட்டும்தான் அது தானாக அடையாளம் காணும். நீங்கள் அதற்கு மேல் பேசுவதெல்லாம் பெரும்பாலும் சர்வருக்குப் போய், அங்கே புரிந்துகொள்ளப்பட்டு, பதிலாகத் திரும்புகிறது. கணக்கு இல்லையென்றால் அலாரம் வைக்கக்கூட அதற்குத் தெரியாது. டிவி ஸ்டிக் உள்நுழையும் திரையிலேயே நின்றுவிடும். அதில் நீங்கள் போட்டிருக்கும் வேறு நிறுவனங்களின் ஆப்களுக்குத் தனியாகச் சந்தா கட்டியிருந்தாலும், அவற்றைத் திறக்க வழி இருக்காது.

மின்னூல் கருவி நடுவில் வரும். கணக்கிலிருந்து பதிவு நீங்கினால் கடையில் வாங்கிய புத்தகங்கள் போய்விடும். கேபிள் வழியாக நீங்களே ஏற்றிய, நகலெடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டு இல்லாத கோப்புகள் பெரும்பாலும் தங்கும். ஆக, கருவி முழுதாகச் சாகாது. வாங்கிச் சேர்த்த நூலகம்தான் காலியாகும்.

ஸ்மார்ட் விளக்கு, பிளக் போன்றவை எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு மையக் கருவியோடு பேசுபவை பிழைத்துக்கொள்ளும். சர்வர் வழியாகப் போய்த் திரும்புபவை சாதாரண விளக்காகிவிடும், சுவரில் சுவிட்ச் இருந்தால்.

கேமரா, கதவுப் பூட்டு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். பழைய பதிவுகள் சர்வரில் இருந்தால் அவையும் போகும். பூட்டுக்குச் சாதாரணச் சாவியோ எண் பலகையோ இருக்க வேண்டும், அதுவும் வீட்டுக்கு வெளியே உங்கள் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும்.

நிஜமாகவே இப்படியெல்லாம் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2023 மே மாதம் அமெரிக்காவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். ஒரு மென்பொருள் பொறியாளரின் வீட்டுக்கு அமேசான் பார்சல் வந்தது. வீட்டில் யாரும் இல்லை. வாசலில் இருந்த ஸ்மார்ட் காலிங் பெல், ஆள் வந்ததும் தானாக, ‘மன்னிக்கவும், என்ன வேண்டும்?’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் கேட்டது. டெலிவரி ஊழியர் காதில் ஹெட்ஃபோன் இருந்தது. தன்னை இனவெறியோடு யாரோ ஏசியதாக அவர் நினைத்துப் புகார் செய்தார். மறுநாள் பொறியாளரின் அமேசான் கணக்கு முடங்கியது. வீட்டில் இருந்த அமேசானின் எக்கோ ஸ்மார்ட் ஸ்பீக்கர் கணக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு நின்றது. பொறியாளர் தம் கேமராப் பதிவுகளை அனுப்பி, அன்று வீட்டில் ஆளே இல்லை என்று காட்டிய பிறகும் கணக்கு உடனே திரும்பவில்லை. ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் வீடு இருட்டில் மூழ்கவில்லை. தொழில் தெரிந்தவர் என்பதால் பல சாதனங்களை வீட்டுக்குள்ளேயே இயங்கும்படி வைத்திருந்தார், பேசிக் கட்டளையிட வேறொரு நிறுவனத்தின் குரல் உதவி மென்பொருளும் இருந்தது. அந்த முன்னேற்பாடு எத்தனை பேரிடம் இருக்கும்?

2016 நவம்பரில் இன்னொன்று. கூகுளிடம் பிக்சல் ஃபோன்களை வாங்கி, ஒரு மறுவிற்பனையாளருக்குக் கைமாற்றிய 200க்கும் மேற்பட்டோரின் கணக்குகளைக் கூகுள் முடக்கியது. மறுவிற்பனை கூடாது என்ற விதி இருந்தது உண்மைதான். ஆனால் தண்டனை அந்த ஃபோனோடு நிற்கவில்லை. ஜிமெயில், புகைப்படங்கள், ஆவணங்கள் எல்லாம் சேர்ந்து பூட்டப்பட்டன. செய்தி வெளியான பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.

2020 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட குவெஸ்ட் 2 விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டை இயக்க ஃபேஸ்புக் கணக்கு கட்டாயமாக இருந்தது. ஹெட்செட்டுக்காகவே புதிதாகக் கணக்குத் தொடங்கிய சிலருக்கு, சந்தேகத்துக்குரிய கணக்கு என்று தானியங்கி முறையில் தடை விழுந்தது. புத்தம் புதிய ஹெட்செட், தலையில் மாட்டினால் ஒன்றும் தெரியாது! எதிர்ப்பு வலுத்த பிறகு, 2022 ஆகஸ்டில் ஃபேஸ்புக் தேவைப்படாத தனிக் கணக்கை, மெட்டா என்று பெயர் மாறியிருந்த அந்த நிறுவனம் கொண்டுவந்தது.

எதற்காகக் கணக்கை மூடுகிறார்கள்?

அடிக்கடி ரிட்டர்ன் அனுப்புவது, வங்கி வழியாகப் பணத்தைத் திரும்ப இழுப்பது, சந்தேகமான இடத்தில் வாங்கிய கிஃப்ட் கார்டு, பொய் மதிப்புரை, மொத்தமாக வாங்கி விற்பது, ஊழியரிடம் தகாத பேச்சு. உங்கள் கணக்குக்குள் வேறொருவர் புகுந்து செய்த வேலைக்கும் நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

ரிட்டர்ன் விவகாரம் பலருக்கு ஆச்சரியம் தரும். 2016இல் பிரிட்டனில் ஒரு வாடிக்கையாளர் வாங்கிய 343 பொருள்களில் 37ஐத் திருப்பி அனுப்பியிருந்தார். பழுதாக வந்தவை, சொன்னபடி இல்லாதவை. அமேசான் கணக்கை மூடியது, கிஃப்ட் கார்டில் மீதமிருந்த பணமும் அதோடு போனது. ஒவ்வொரு ரிட்டர்னையும் கடையே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். தனித்தனியாகச் சரி என்றதைக் கூட்டிப் பார்த்துத் தப்பு என்கிறார்கள்.

இன்னொரு காரணம்தான் மிகவும் எரிச்சலானது: ‘முன்பு மூடப்பட்ட ஒரு கணக்கோடு உங்கள் கணக்கு தொடர்புடையது.’ 2012இல் நார்வேயைச் சேர்ந்த ஒருவருக்கு அமேசானின் கிண்டில் மின்னூல்கள் எட்டாமல் போனபோது அமேசான் இதைத்தான் சொன்னது. எந்தக் கணக்கு, என்ன தொடர்பு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஊடகங்களில் பேசப்பட்ட பிறகு கணக்கு திரும்ப வந்தது. ஒரே முகவரி, ஒரே கார்டு, ஒரே வைஃபை என்று எதை வைத்தும் இயந்திரம் தொடர்பு காணலாம். முன்பு அந்த வீட்டில் குடியிருந்தவர் செய்த வினையும் அதில் சேரும்.

முடக்கியிருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றா?

இல்லை. முடக்கம் என்றால் ஏதோ ஆவணம் கேட்கிறார்கள். பில், கார்டு விவரம் கொடுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும். மூடல் என்றால் முடிவெடுத்துவிட்டார்கள், இனி முறையீடுதான். மெயிலில் எந்தச் சொல் இருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள்.

கணக்கு மூடப்பட்டதாக மெயில் வந்திருக்கிறது. உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில், அது உண்மையான மெயில்தானா என்று பாருங்கள். ‘உங்கள் கணக்கு மூடப்பட்டது, இங்கே சொடுக்கவும்’ என்பது மோசடிக்காரர்கள் காலங்காலமாக அனுப்பும் தூண்டில். மெயிலில் உள்ள இணைப்பைத் தொடாமல், கடையின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள்.

உண்மைதான் என்றால், எதையும் லாக் அவுட் செய்யாதீர்கள். ஃபோனில் இருக்கும் கடையின் ஆப், பிரவுசரில் திறந்தே கிடக்கும் பக்கம், டேப்லெட் என்று எங்காவது இன்னும் உள்ளே இருந்தால் அதுதான் இப்போது உங்கள் ஜன்னல். ஆர்டர் வரலாறு, பில்கள், சாதனங்களின் வரிசை எண்கள், கிஃப்ட் கார்டு மீதி எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

மின்னூல் கருவியை உடனே ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். சர்வரோடு பேசினால்தான் பதிவு நீங்கிய செய்தி அதற்குப் போய்ச் சேரும். பேசாதவரை, இறக்கி வைத்த புத்தகங்களைப் பெரும்பாலும் படிக்கலாம். முறையீடு முடியும்வரை அது அப்படியே இருக்கட்டும்.

ஃபாக்டரி ரீசெட் செய்யவே செய்யாதீர்கள். ஏதாவது கோளாறு என்றால் ரீசெட் செய்வது நம் எல்லோருக்கும் கை வந்த பழக்கம், கஸ்டமர் கேரில் இருப்பவரும் அதையே சொல்லலாம். ஆனால் ரீசெட் ஆன சாதனம் திரும்ப எழும்போது முதலில் கேட்பது கணக்கைத்தான்.

அப்புறம், கோபத்தில் வங்கியை அழைத்து, பழைய ஆர்டர்களின் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வேண்டாம். அதற்கு ஒரு நேரம் வரலாம். ஆனால் முறையீடு நடக்கும்போதே அதைச் செய்தால், ‘பாருங்கள், இதற்காகத்தான் மூடினோம்’ என்று சொல்ல அவர்களுக்கு வசதியாகிவிடும்.

கடைசியாக, மூடிய நிறுவனத்திடமே உங்கள் மெயிலும் இருந்தால் அவசரம் இரண்டு மடங்கு. வங்கி, காப்பீடு, அலுவலகம் என்று அந்த மெயிலுக்கு ஓடிபி வரும் இடங்களையெல்லாம் இன்றைக்கே வேறு முகவரிக்கு மாற்றுங்கள்.

வேறு மெயிலில் புதுக் கணக்கு தொடங்கிச் சமாளிக்கலாமா?

வேண்டாம். சாதனம் பழைய கணக்கில் பதிவாகியிருக்கும். அதை விடுவிக்கப் பல சமயம் பழைய கணக்குக்குள் போக வேண்டும், அதுதான் முடியாதே. போதாக்குறைக்கு, புதுக் கணக்கும் ‘தொடர்புடையது’ என்று மூடப்படலாம்.

முறையீட்டை எப்படி எழுதுவது?

சுருக்கமாக, கோபமில்லாமல். எத்தனை ஆண்டு வாடிக்கையாளர், எவ்வளவு செலவழித்தேன் என்ற பட்டியல் யாரையும் அசைக்காது. முதலில் படிப்பவர், அல்லது படிக்கும் இயந்திரம், எதற்கு ஆம் அல்லது இல்லை சொல்ல வேண்டும் என்பது தெளிவாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

‘இந்தத் தேதியில் என் கணக்கு மூடப்பட்டதாகத் தெரிவித்தீர்கள். எந்த விதியை, எந்தச் செயலால் மீறினேன் என்று எழுத்தில் தெரிவிக்கவும். முடிவை ஒரு மனிதர் மறுஆய்வு செய்ய வேண்டுகிறேன். கணக்கைத் திறக்க இயலாது என்றால், கீழே வரிசை எண் தந்துள்ள சாதனங்களை இந்தக் கணக்கிலிருந்து விடுவித்து, வேறொருவர் பெயரில் பதியும் நிலைக்குக் கொண்டுவரவும். கிஃப்ட் கார்டு மீதியைத் திருப்பித் தரவும். என் தரவின் நகலை அனுப்பவும்.’

இதில் முக்கியமானது சாதனங்களை விடுவிக்கக் கேட்பது. பலரும் கணக்கைத் திறக்கச் சொல்லி மட்டுமே மன்றாடுவார்கள், அது மறுக்கப்பட்டதும் கதை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். கணக்கைத் தர மறுப்பதற்குக் கடை ஏதாவது காரணம் சொல்லலாம். சாதனத்தை விடுவிக்க மறுப்பதற்கு நியாயமான காரணம் சொல்வது கஷ்டம். அந்த இடத்தில்தான் பேச்சைப் பிடித்துவைக்க வேண்டும்.

ஃபோனில் பேசினால் முடிந்ததும், என்ன பேசினோம் என்று அவர்களுக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். பின்னால் நுகர்வோர் மன்றத்துக்கோ ஒழுங்குமுறை அமைப்புக்கோ போனால் அந்த மெயில்கள்தான் கைகொடுக்கும்.

சட்டம் என் பக்கம் இருக்கிறதா?

பாதி இருக்கிறது. பொருள் உங்களுடையது என்பதில் சட்டத்துக்குக் குழப்பமில்லை. பிரிண்டரின் மை கார்ட்ரிட்ஜ் பற்றிய ஒரு வழக்கில் 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொருளை விற்றதோடு அதன் மீதான காப்புரிமைக் கட்டுப்பாடு தீர்ந்துவிட்டது என்று சொன்னது. ஆனால் சர்வர் தொடர்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. நம் சிக்கலோ சர்வரில்.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விற்பனைச் சட்டங்கள், சாதனம் இயங்கத் தேவையான டிஜிட்டல் சேவையையும் அந்தப் பொருளின் பகுதியாகவே பார்க்கின்றன. அது இல்லாமல் பொருள் வேலை செய்யாவிட்டால் விற்றவர் பதில் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கொலோன் மேல்நீதிமன்றம் 2016இல், விதியை மீறினால் கணக்கை மூடுவோம் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்ன அமேசானின் ஒப்பந்தப் பிரிவு செல்லாது என்றது. ஏற்கெனவே வாங்கிய டிஜிட்டல் பொருள்களையும் வாடிக்கையாளர் அதனால் இழக்க நேரும் என்பது அந்த வழக்கின் மையம்.

உங்கள் தரவின் நகலைக் கேட்கும் உரிமை பல நாடுகளில் உண்டு. கணக்கு மூடியிருந்தாலும் கேட்கலாம். காரணம் சொல்ல மறுக்கும் கடையிடமிருந்து காரணத்தை வரவழைக்கச் சில சமயம் இதுவே வழி.

வாங்கிய மின்னூல்களும் படங்களும்?

அவை உரிமம்தான். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், இப்படிப்பட்ட டிஜிட்டல் சரக்கை விற்கும்போது அது வெறும் உரிமம் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டுப் பறிக்கலாம் என்பது இதன் மறுபக்கம். முன்பு கிண்டில் புத்தகங்களைக் கணினியில் இறக்கி, கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்ற ஒரு வசதி இருந்தது. 2025 பிப்ரவரி 26 அன்று அமேசான் அதை நிறுத்திவிட்டது. பூட்டில்லாமல் விற்கும் பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். முடிந்தபோது அவர்களிடம் வாங்குங்கள்.

பழைய சாதனத்தை விற்கலாமா? செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

மூடிய கணக்கில் மாட்டிக்கொண்ட சாதனத்தை, அதைச் சொல்லாமல் விற்பது ஏமாற்று. வாங்குபவர் பக்கம் இன்னும் கவனம் தேவை. ஐஃபோன்களில் 2013 முதலும், ஆண்ட்ராய்டில் 2015 முதலும் திருட்டைத் தடுக்க ஒரு பூட்டு வந்தது: பழைய கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல், ரீசெட் செய்த ஃபோன் திறக்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் திருடனையும் கணக்கை இழந்த உரிமையாளரையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எனவே பணம் கொடுப்பதற்கு முன், விற்பவர் உங்கள் கண் முன்னே தன் கணக்கிலிருந்து சாதனத்தை நீக்கட்டும். பிறகு உங்கள் கணக்கில் அது ஏறுகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

மோசமான வாடிக்கையாளரை விலக்கக் கடைக்கு உரிமை இல்லையா?

உண்டு. ஊழியரை ஏசுபவருக்கும், கல்லை வைத்துப் பார்சலைத் திருப்பி அனுப்புபவருக்கும் இனிமேல் எதுவும் விற்க மாட்டேன் என்று சொல்லட்டும், யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் மின்விசிறி விற்ற கடைக்காரர், வாடிக்கையாளரோடு சண்டை என்றதும் வீட்டுக்குள் புகுந்து இறக்கையைக் கழற்றிக்கொண்டு போவதில்லை. இனி விற்க மறுப்பதும், விற்றதைச் செயலிழக்கச் செய்வதும் இரண்டு தனித்தனி முடிவுகள். இன்று இரண்டையும் ஒரே பொத்தானில் வைத்திருக்கிறார்கள். கடைக் கணக்கு வேறு, சாதனக் கணக்கு வேறு என்று பிரிப்பது தொழில்நுட்பத்தில் பெரிய வித்தை இல்லை. ஃபேஸ்புக் கணக்கையும் ஹெட்செட் கணக்கையும் மெட்டா பிரித்தும் காட்டியது. பிரிக்காமல் வைத்திருப்பது அவர்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

இனி வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?

ஒரு சோதனை போதும். சாதனத்தை வாங்கி அமைத்த பிறகு, ரிட்டர்ன் காலம் முடிவதற்குள், ரூட்டரில் வரும் இன்டர்நெட் இணைப்பை மட்டும் பிடுங்கிவிடுங்கள். வைஃபை ஓடட்டும். இப்போது விளக்கு எரிகிறதா, பூட்டு திறக்கிறதா, கேமரா பதிவு செய்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இந்த நிலையிலும் வேலை செய்வது, கணக்கு மூடப்பட்டாலும் பெரும்பாலும் வேலை செய்யும். செய்யாதது அவர்கள் தயவில் இருக்கிறது. அந்தத் தயவுக்கு இந்த விலை தகுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

விளக்கு, சென்சார் போன்றவற்றுக்கு ஸிக்பீ, இஸட்-வேவ், 2022இல் வந்த மேட்டர் போன்ற பொதுத் தரங்களில் இயங்குபவற்றைத் தேர்ந்தெடுங்கள். இவை வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். ஒரு நிறுவனத்தின் மையக் கருவி போனால் இன்னொன்றில் இணைக்கலாம். ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளைச் சிறிய கணினி ஒன்றில் ஓட்டினால் மையக் கருவியும் உங்களுடையதே. கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டும், சில மாலைகள் போகும்.

குடும்பம் முழுவதும் ஒரே கணக்கில் இருக்க வேண்டாம். ஒருவர் அனுப்பும் ரிட்டர்ன் இன்னொருவரின் நூலகத்தைப் பறிக்கும். வேறு தளங்களில் ‘இந்தக் கணக்கு வழியாக உள்நுழைக’ என்ற பொத்தானையும் தவிர்த்துவிடுங்கள், கணக்கு போனால் அந்தத் தளங்களுக்குள்ளும் போக முடியாது.

கணக்கு திரும்பக் கிடைத்துவிட்டது. இனி நிம்மதிதானே?

முதல் வேலையாகத் தரவை இறக்குங்கள்: புகைப்படம், ஆர்டர் வரலாறு, கேமராப் பதிவு. கிஃப்ட் கார்டு மீதியைச் செலவழித்துவிடுங்கள், இனி அங்கே பணம் தேக்க வேண்டாம். பயன்படுத்தாத சாதனங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். பின்னால் விற்பதற்கும் உதவும். திறந்துவிட்டோம் என்று அவர்கள் அனுப்பிய மெயிலைக் கணினியிலும் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். அதே இயந்திரம் அதே காரணத்துக்காக மறுபடியும் மூடினால், முறையீட்டில் முதலில் இணைக்க வேண்டியது அந்த மெயில்தான்.